சுவரில் இரண்டு ஓட்டைகள்

எங்கள் வீட்டு பாய்லருக்கு என்னைவிட வயது அதிகம். அதைப் பொருத்திய மகராசன் அதன் பக்கவாட்டில் சாக்பீஸால் வருடத்தை எழுதிவைத்திருந்தான். நான் அப்போது பிறக்கவே இல்லை. நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் வீடு தேடுகிறவர்கள் ஸ்கூல் பார்ப்பார்கள், ஆபீசுக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். என் வீட்டுக்காரன் கிரீஷ், மாடிப்படியின் மரக் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "மானஸா, இந்த வீடுதான்" என்றான். ஐந்து பெட்ரூம். நாங்கள் இரண்டே பேர். யாரைக் குடிவைக்கப் போகிறாய் என்று கேட்டேன். சிரித்தான். எதை நினைத்துச் சிரிக்கிறான் என்று தெரிந்ததால் நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு முறை எனக்குக் கரு தங்கவில்லை. இது மூன்றாவது.

பாய்லர் என்றதும் குளிக்கிற வெந்நீர் என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மா அப்படித்தான் நினைத்தாள். பேஸ்மென்டில், மாடியேறவே முடியாத கனத்தில், ஓர் இரும்புப் பூதம். உள்ளே காஸ் எரியும். சூடான தண்ணீர் குழாய்வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கிற ரேடியேட்டருக்குப் போய், வீட்டைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். அக்டோபரில் அது ஒரு மாதிரி இருமத் தொடங்கியது. கிரீஷ் ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டான். அந்த ஆள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் குளிருக்குத் தாங்கினாலும் தாங்கும், ஆனால் மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார். புதிய பாய்லருக்குப் பழைய சிம்னி தேவையில்லையாம். பேஸ்மென்ட் சுவரில் இரண்டு ஓட்டை போட வேண்டும், காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. பழசை முழுசாகத் தூக்க முடியாது, சம்மட்டியால் உடைத்துத் துண்டுதுண்டாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை. டிசம்பர் முதல் வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில் நங்கநல்லூரிலிருந்து என் அம்மா நாகலக்ஷ்மி வந்து இறங்கினாள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிடையராகும்வரை வேலை பார்த்தவள், ஒன்றும் தெரியாதவள் இல்லை. சூட்கேஸ் நிறைய வற்றலும் வடகமும் நாட்டு மருந்தும் கொண்டுவந்து, இரண்டே நாளில் என் சமையலறையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள்.

"எதுக்கு மாப்ள அடுத்த வாரம் ஆள் வரான்?" என்று காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"பாய்லர் மாத்தறோம் அத்தை. சுவர்ல ரெண்டு ஓட்டை போடணும், பழசை ஒடச்சு எடுக்கணும். ஒன் டே ஜாப்தான்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன விளையாடறீங்களா? வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கற வீட்ல சுவரை இடிக்கறதா? சம்மட்டியால அடிக்கறதா? குழந்தை பொறக்கட்டும். அதுவரைக்கும் இந்த வீட்ல ஒரு ஆணி அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கிரீஷ் என்னைப் பார்த்தான். நீயே உங்கம்மாவிடம் சொல்லு என்று அர்த்தம். நானும் வாயைத் திறந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அம்மாவிடம் கேட்கவே வேண்டாம். ஆனால் வந்த பேச்சு வேறாக இருந்தது. "ஏப்ரல்ல மாத்திக்கலாமே கிரீஷ். அந்த ஆளே இந்த வின்டர் ஓடும்னுதானே சொன்னாரு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. படித்தவள், கம்ப்யூட்டரில் குப்பை கொட்டுகிறவள். ஆனால் அந்த இரண்டு முறையும் டாக்டர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இது யார் தப்பும் இல்லை என்றார்கள். யார் தப்பும் இல்லை என்றால் நான் எதை மாற்றிக்கொள்வது? ஆணி அடிக்காமல் இருந்தால் குழந்தை தங்கும் என்று ஒருத்தி அடித்துச் சொன்னால், அடிக்காமல் இருப்பதில் எனக்கென்ன நஷ்டம்? அப்படித்தான் நினைத்தேன். பயம் வந்துவிட்டால் படிப்பெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

காண்ட்ராக்டரை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தோம்.

டிசம்பர் பாதியில் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை, நேர் கீழே பாய்லர் இருப்பதால் வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். அம்மா எனக்கு அங்கே தலையணை எல்லாம் வைத்து ராணி மாதிரி உட்காரவைத்திருந்தாள். மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடிக்கும். வாந்தி வருகிற மாதிரி இருக்கும், வராது. டாக்டர் பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. நிறையத் தண்ணீர் குடி, ஸ்க்ரீனைக் குறைத்துக்கொள் என்றார்.

தலைவலியை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. அதுவரை சாப்பிட்டு முடித்ததும் விலாவுக்குக் கீழே தவறாமல் ஒரு உதை கிடைக்கும். ஜனவரி பிறந்ததும் அது குறைந்தது. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஜூஸ் குடிப்பேன், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பேன். ஏதோ தண்ணீருக்குள் மெல்லப் புரள்கிற மாதிரி இருக்கும், அது குழந்தையா என் குடலா என்று தெரியாது. கிரீஷிடம் சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்பான். இரண்டு தடவை போனோம். மெஷினை வைத்தால் இதயம் ஓடுகிற சத்தம் கேட்கும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடி அதே மௌனம்.

அம்மாவும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் சொன்னாள்: "வெளிய போனா நல்லா இருக்க. கடைக்குப் போனோம், சிரிச்சுப் பேசிண்டு வந்த. இந்த வாசப்படி மிதிச்சதும் மூஞ்சி தொங்கிடுது. எனக்கே இந்த வீட்ல தலை பாரமாத்தான் இருக்கு. இவ்ளோ பெரிய வீடு, யார் யார் கண்ணோ பட்டிருக்குடி."

"ஆமா, நியூ ஜெர்சியே நம்ம வீட்டைப் பார்த்துத்தான் ஏங்குது. சும்மா இரும்மா."

சும்மா இருக்கிறவளா? வெள்ளிக்கிழமைதோறும் திருஷ்டி சுற்றிப் போட ஆரம்பித்தாள். கல்லுப்பு, கடுகு, காய்ந்த மிளகாய். என்னைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, ஊரார் கண், உற்றார் கண் என்று யார் யாரையோ வரிசையாகத் திட்டி, இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் கருக்குவாள். திருஷ்டி இல்லையென்றால் மிளகாய் நெடி மூக்கைத் துளைக்குமாம். நெடியே வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்க வீட்டில் மிளகாயைக் கருக்கினால் என்ன ஆகும்? அலாரம் அலறும். எங்கள் வீட்டு அலாரம் சமையலறைக்கும் பேஸ்மென்ட் படிக்கும் நடுவே கூரையில் இருந்தது. அதற்கு ரசம் தாளித்தாலே பொறுக்காது. "வாசனை புடிச்சாலே ஒப்பாரி வெக்கறதே, என்ன ஜன்மமோ!" என்பாள் அம்மா. கிரீஷ் ஓடிவந்து துண்டால் விசிறுவான்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை கிரீஷ் முன்ஜாக்கிரதையாக அடுப்புக்கு மேலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை ஃபுல் ஸ்பீடில் வைத்தான். வைத்துவிட்டு, எங்கள் கசின்ஸ் குரூப்புக்காகப் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். மிளகாய் கருகியது. ஒரு தும்மல் கிடையாது, ஒரு இருமல் கிடையாது. அம்மா வெற்றி வீராங்கனை மாதிரி நிமிர்ந்தாள். "பாத்தியா? நெடியே இல்ல! எவ்ளோ கண்ணு பட்டிருக்குன்னு பாரு!" அவள் சொல்லி வாய் மூடவில்லை, அலாரம் கத்தத் தொடங்கியது.

"அத்தை, வீட்டோட திருஷ்டியும் சேர்ந்து கழியுது போல" என்றான் கிரீஷ். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தேன். துண்டால் விசிறிப் பார்த்தும் அலாரம் நிற்கவில்லை. கிரீஷ் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றி, பேட்டரியை உருவி, கரண்டி வைக்கிற டிராயரில் போட்டான். "அப்புறம் மாட்டிக்கலாம். உனக்கு ஏற்கெனவே தலைவலி." யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

சனி, ஞாயிறு நல்ல பனி. யாரும் வெளியே போகவில்லை. திங்கள்கிழமை காலை செக்கப். நான் எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. கிரீஷ் கார் ஓட்ட, அம்மா பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். வழியில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன், சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது, தலை தெளிந்தது. ஆனால் வயிற்றில் ஒன்றும் இல்லை. முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே இல்லை. இருக்கு, தூங்குகிறது, இருக்கு, தூங்குகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கிரீஷிடம் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்ததும் கை சும்மா இருக்காமல் போனைத் திறந்தேன். சான் ரமோனில் இருக்கும் என் சித்தி பெண் தீக்ஷா அப்போதுதான் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பிவிட்டு, கீழே ஒரு வரி: "ஏய், உங்க வீட்டு அலாரம் ஏன்டி வேற மாதிரி கத்துது? தாளிக்கும்போது எங்க வீட்ல மூணு மூணாதான் கத்தும். எனக்கு அது மனப்பாடம்."

நான் வீடியோவைப் போட்டேன். அம்மாவின் சட்டி. நெடியே இல்ல என்கிற குரல். பிறகு அலாரம். நாங்கள் சிரிக்கிற சத்தத்துக்கு நடுவே எண்ணினேன். நாலு. கொஞ்சம் இடைவெளி. நாலு. மறுபடி போட்டேன். நாலு. பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "அன்னிக்கு எவ்ளோ சிரிச்சோம்" என்றாள்.

மூன்று என்றால் புகை. நாலு என்றால் கார்பன் மோனாக்சைடு, பாய்லர் புகையில் இருக்கிற விஷவாயு. இரண்டுக்கும் ஒரே அலாரம்தான். வீடு வாங்கியபோது இதை யாரோ எங்களுக்குச் சொன்னார்கள், நான் தலையை ஆட்டினேன். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தும்மல்கூட வராது. தலை வலிக்கும். வெளியே போனால் சரியாகிவிடும். தாய்க்குத் தலைவலி என்றால் உள்ளே இருக்கிற குழந்தைக்கு அதைவிட மோசம். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

நான் ரிசப்ஷன் மேஜைக்கு ஓடினேனா நடந்தேனா ஞாபகமில்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன் என்று கிரீஷ் பிறகு சொன்னான். எதிர்க்கட்டிடமே ஆஸ்பத்திரி. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், ரத்தம் எடுத்து, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டார்கள். அம்மாவுக்கும் ஒன்று, பக்கத்துக் கட்டிலில். கிரீஷுக்கும் ரத்தம் எடுத்தார்கள். பாய்லருக்கு மேலே இருக்கிற அந்த அறைப் பக்கமே வராதவனுக்கு அவ்வளவாக ஏறவில்லை. எனக்குத்தான் அதிகம்.

நர்ஸ் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி மெஷினை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். சத்தமில்லை. இன்னும் கீழே நகர்த்தினாள். சத்தமில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு டக்டக்கென்று அது கேட்டது. கிரீஷ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இதயம் ஓடுகிறது, ஆனால் மந்தமாக இருக்கிறது, ஆக்ஸிஜன் தொடரட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்க்கலாம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அம்மா மாஸ்க்கை விலக்கிவிட்டு, "என்னடி சொல்றாங்க?" என்றாள்.

"உன் மிளகாய்தான்மா! அலாரம் கத்துச்சு, நீ திருஷ்டின்ன. பாய்லரை மாத்தறேன்னு கிரீஷ் சொன்னான், நீ ஆணி அடிக்கக் கூடாதுன்ன. இப்ப சந்தோஷமா?" மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினேன். அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும். ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளைச் சொல்லி என்ன, ஏப்ரல் என்றது நான். பேட்டரியை உருவியது கிரீஷ். ஆனால் கத்துவதற்கு அம்மாதான் கிடைத்தாள்.

அன்றே ஃபயர் டிபார்ட்மென்ட் வீட்டுக்குப் போய் ஜன்னலையெல்லாம் திறந்து, காஸை அடைத்து, பாய்லரை இனி ஓட்டக் கூடாது என்று அதில் சிவப்பு அட்டை கட்டிவிட்டது. சிம்னிக்குள் செங்கல் உதிர்ந்து பாதி அடைத்திருந்ததாம். சமையலறை ஃபேனை வேகமாகப் போடும்போதெல்லாம் அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப, சிம்னி வழியாகப் போகவேண்டிய பாய்லர் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். மிளகாய் நெடியை ஃபேன் கொண்டுபோனது, மற்றதைக் கொண்டுவந்து சேர்த்தது. அவ்வளவுதான் திருஷ்டி.

மறுநாள் என்னை வெளியே விட்டார்கள். ரூட் நாற்பத்தாறில் ஒரு ஹோட்டலில் தங்கினோம். தினமும் காலையில் மானிட்டருக்குப் போனேன். இதயம் நன்றாக ஓடுகிறது, அசைவும் இருக்கிறது என்று மெஷின் சொன்னது. எனக்கு மட்டும் தெரியவில்லை. நர்ஸ் காகிதத்தில் கோடுகளைக் காட்டுவாள், நான் தலையாட்டுவேன். அந்தப் பழைய உதை, விலாவுக்குக் கீழே, சாப்பிட்டதும் கிடைக்குமே, அது வரவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை. கோபமில்லை, பேச வாய் வரவில்லை. தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு, என் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வெள்ளிக்கிழமை உப்பும் எடுக்கவில்லை, மிளகாயும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காண்ட்ராக்டர் வந்தார். என்னை வீட்டுக்கு வரவேண்டாம் என்று கிரீஷ் எவ்வளவோ சொன்னான். நான் கேட்கவில்லை, அந்தப் பூதம் வெளியே போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அம்மாவும் கோட்டை மாட்டிக்கொண்டு பேசாமல் காரில் ஏறினாள். வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. ஹாலில் சோபாவில் நானும் அவளும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்தோம். கீழே சம்மட்டி விழ ஆரம்பித்தது. ஒவ்வோர் அடிக்கும் அம்மாவின் தோள் குலுங்கியது. என் காதைப் பொத்திவிடுவாளோ என்று நினைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கையைக் கொண்டுவந்து என் வயிற்றின் மேல் வைத்தாள். எடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

துண்டுதுண்டாக அது வாசல் வழியே போயிற்று. சாக்பீஸ் எழுதிய துண்டும் போயிற்று. பிறகு கொஞ்ச நேரம் அமைதி.

பிறகு டிரில்லைப் போட்டார்கள். கருங்கல் சுவர். சத்தம் தரைவழியாக ஏறி, சோபா வழியாக ஏறி, என் பல்லெல்லாம் கூசியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அம்மா "முருகா" என்றாள்.

விலாவுக்குக் கீழே ஒரு உதை.

அம்மாவின் கை அங்கேதான் இருந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். டிரில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. இன்னொரு உதை, முதலாவதைவிடக் கோபமாக, அப்படியே என் குணம். அடுத்து முழங்காலோ முழங்கையோ, கம்பளிக்கு மேலேயே தெரிகிற மாதிரி ஒரு புடைப்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிற்று.

"அம்மா" என்றேன். ஆஸ்பத்திரியில் கேட்க நினைத்த மன்னிப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டது. அவள் அழுதாள், நானும் அழுதேன், மூக்கு இரண்டு பேருக்கும் ஒழுகியது.

டிரில் நின்றது. பேஸ்மென்ட் படியேறி கிரீஷ் வந்தான், தலையெல்லாம் கல்தூள். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துப் பதறிப்போய், "என்ன ஆச்சு? சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கா? நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றான்.

அம்மா என் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. ஐந்து நாள் கழித்து முதல்முறையாக அவளுடைய பழைய அதிகாரக் குரல் வந்தது.

"நிறுத்தறதாவது? ரெண்டு ஓட்டைன்னுதானே மாப்ள சொன்னீங்க? இன்னொண்ணை எப்ப போடுவான்?"